வீட்டுச் சூடேற்ற அமைப்பில் பம்பு இருக்க வேண்டிய இடம்: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பம்பை மாற்றிய பின்னும் அதே கோளாறு திரும்ப வருமானால், அடுத்து ஐயப்பட வேண்டியது பம்பு பொருத்தப்பட்டிருக்கும் இடத்தைத்தான். புதிய பம்பைப் பழைய பம்பு இருந்த இடத்திலேயே, அது பார்த்திருந்த திசையிலேயே வைத்துவிட்டுப் போவது பொதுவான வழக்கம் என்பதால், முதன்முதலில் குழாய் இட்டவர் செய்த தவறு ஒவ்வொரு புதிய பம்புக்கும் அப்படியே கைமாறுகிறது. சுடுநீரை ரேடியேட்டர்களின் வழியே சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும் அமைப்புகளில், பம்பின் இடத்தால் விளையும் கோளாறுகளை அவை வெளிப்படும் அறிகுறிகளிலிருந்து கண்டறிவதற்கான வழிமுறை கீழே தரப்படுகிறது. புதிதாக அமைப்பவர்கள் இதையே தலைகீழாகப் படித்து, எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பாய்லரின் உட்பகுதிகளைத் திறப்பதும் எரிவாயு இணைப்பைத் தொடுவதும் உரிமம் பெற்ற தொழிலாளர் செய்ய வேண்டிய வேலைகள். இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை பார்த்தும் தொட்டும் கேட்டும் செய்யக்கூடியவையே.

எந்த அறிகுறிக்கும் முன்: விரிவு இணைப்பைக் கண்டுபிடியுங்கள்

பாய்லரிலிருந்து சூடான நீர் வெளியேறும் குழாயைப் போக்குக் குழாய் என்றும், ஆறிய நீர் பாய்லருக்குத் திரும்பும் குழாயைத் திரும்பு குழாய் என்றும் கொள்வோம். பம்பு இவற்றில் எதில் இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டிலும் சரியாக இருக்க முடியும், இரண்டிலும் தவறாக இருக்க முடியும் என்பதால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லி எந்தக் கோளாறையும் தீர்த்துவிட முடியாது. கேட்க வேண்டியது, சூடாகும்போது பெருகும் நீர் எங்கே போகிறது, அந்த இடத்திற்குப் பம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

10 பாகை செல்சியஸில் உள்ள நீர் 80 பாகைக்குச் சூடாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது; 100 லிட்டர் நீர் கொண்ட ஓர் அமைப்பில் இது கிட்டத்தட்ட 3 லிட்டர். திறந்த அமைப்பில் இந்த நீர், கூரைக்கு அடியில் இருக்கும் நிரப்புத் தொட்டிக்கு ஏறிச் செல்கிறது. மூடிய அமைப்பில், நடுவே ரப்பர் சவ்வும் மறுபுறம் காற்றும் கொண்ட விரிவுக்கலத்திற்குள் போகிறது. தொட்டியோ கலமோ சுற்றுக்குழாயோடு சேரும் சந்திப்பையே இக்கட்டுரை விரிவு இணைப்பு என்று குறிப்பிடுகிறது.

பம்பு ஓடினாலும் நின்றாலும் இந்தச் சந்திப்பில் அழுத்தம் மாறுவதில்லை. பம்பு நீரைச் சுற்றவிடுகிறதே தவிர, புதிதாக உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. ஆகவே அது ஓடத் தொடங்குவதால் விரிவுக்கலத்திற்குள் நீர் கூடுதலாகப் போவதற்கோ அதிலிருந்து வெளியே வருவதற்கோ வழியில்லை, கலத்தின் அழுத்தமும் இருந்தபடியே இருக்கிறது. சுற்றின் மற்ற எல்லா இடங்களிலும் ஏறும் அழுத்தமும் இறங்கும் அழுத்தமும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். பம்பின் உறிஞ்சு வாய் விரிவு இணைப்பை ஒட்டி இருந்தால், பம்பு தரும் அழுத்தம் முழுவதும் சுற்றில் கூடுகிறது. தள்ளு வாய் விரிவு இணைப்பை ஒட்டி இருந்தால், அதே அளவு அழுத்தம் சுற்றிலிருந்து கழிகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: நிரப்புத் தொட்டியின் நீர்மட்டம் மாடியில் உள்ள ரேடியேட்டரைவிட 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பம்பு 5 மீட்டர் நீர் உயரத்திற்குச் சமமான அழுத்தம் தருகிறது. அந்த ரேடியேட்டர் சுற்றின் ஏறத்தாழ நடுவில் அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரிவு இணைப்பிலிருந்து விலகிச் செல்லும் திசையில் பம்பு தள்ளினால், ரேடியேட்டரில் 1.5 உடன் 2.5 கூடி 4 மீட்டர் அழுத்தம் நிற்கும். விரிவு இணைப்பை நோக்கித் தள்ளினால், 1.5 இலிருந்து 2.5 கழிந்து, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 1 மீட்டர் குறைவாகிவிடும். பம்பு, பாய்லர், ரேடியேட்டர் எதுவும் மாறவில்லை; முதல் அமைப்பில் இடுக்கு இருந்தால் நீர் கசியும், இரண்டாவதில் காற்று உள்ளே வரும்.

மூடிய அமைப்பில் இதைச் சோதிப்பது எளிது. பம்பு நின்றிருக்கும்போது அழுத்தமானியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பம்பை ஓடவிட்டு உடனே மறுபடி பாருங்கள். முள் அசையவில்லை என்றால் மானி விரிவு இணைப்புக்கு அருகில் இருக்கிறது. முள் உடனடியாக இறங்கினால், மானி இருக்கும் இடம் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில், விரிவு இணைப்பிலிருந்து தள்ளி இருக்கிறது என்று பொருள். நீர் சூடேறி அழுத்தம் மெல்ல உயர்வது வேறு விஷயம் என்பதால், இந்தச் சோதனையை நீர் ஆறியிருக்கும்போதே செய்ய வேண்டும்.

அறிகுறி: மாடி ரேடியேட்டர்களில் திரும்பத் திரும்பக் காற்று சேர்கிறது

நீர் நிரப்பிய முதல் சில நாட்களில் காற்று சேர்வது இயல்பு. அதன் பிறகும் வாரந்தோறும் காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தால் மூன்று காரணங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, மேலே கணக்கிட்ட உறிஞ்சல். பம்பு ஓடும்போது மாடி ரேடியேட்டரின் காற்றுத் திருகை மிகச் சிறிதளவு திறந்து பாருங்கள். நீரோ காற்றோ வெளியே சீறாமல், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும் மெல்லிய ஓசை கேட்டால், உடனே திருகை மூடிவிடுங்கள், காரணம் தெரிந்துவிட்டது. பம்பை நிறுத்திவிட்டுத் திறந்தால் அதே திருகிலிருந்து நீர் இயல்பாக வரும். வால்வுத் தண்டுகளின் பொதியல் (தண்டைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்கும் திணிப்பு), தானியங்கிக் காற்றுப் போக்கிகள், சரியாக இறுகாத மூட்டுகள் ஆகியவை நீரைக் கசியவிடாமலேயே காற்றை உள்ளே விடக்கூடியவை. எனவே ஒரு சொட்டுக் கசிவும் தென்படாத வீட்டிலும் இது நிகழும். பம்பின் வேகத்தை ஒரு படி குறைத்தால் உறிஞ்சலும் குறைகிறது. காற்றுச் சேர்வது அதோடு நிற்குமானால் இடத்தை மாற்றாமலே சில காலம் ஓட்டலாம். தீர்வு என்பது பம்பை விரிவு இணைப்பின் மறுபக்கத்திற்கு மாற்றுவது, அல்லது விரிவு இணைப்பையே பம்பின் உறிஞ்சு வாய்க்கு அருகில் கொண்டுவருவது. மூடிய அமைப்பில் இரண்டாவது வழியே பெரும்பாலும் எளிது, ஏனெனில் விரிவுக்கலத்தின் சிறு குழாயை இடம் மாற்றுவது பம்பையும் அதன் மின்கம்பியையும் இடம் மாற்றுவதைவிடக் குறைந்த வேலை.

இரண்டாவது, நீரில் கரைந்திருந்த காற்று பிரிந்து வருவது. நீர் சூடாக ஆக, அதன் அழுத்தம் குறையக் குறைய, அது தன்னுள் கரைத்து வைத்திருக்கக்கூடிய காற்றின் அளவு குறைகிறது. பாய்லரின் போக்குக் குழாயில் காற்றுப் பிரிப்பானை வைத்து, அதை ஒட்டி விரிவு இணைப்பையும், அதற்கு அடுத்துப் பம்பையும் வைக்கும் வரிசை இதனால்தான் நன்றாக வேலை செய்கிறது: நீர் மிகச் சூடாகவும், சுற்றிலேயே அழுத்தம் குறைவாகவும் இருக்கும் அந்த இடத்தில் குமிழிகள் வெளிப்படுகின்றன, பம்புக்குள் நுழைவதற்கு முன்பே பிடிபடுகின்றன. காற்றுப் பிரிப்பானைப் பம்பின் தள்ளும் பக்கத்தில் பொருத்தியிருக்கும் வீடுகளில், அது அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை.

மூன்றாவது, சேர்வது காற்றே அல்ல. எஃகு ரேடியேட்டர் உள்ளே அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகக்கூடும். பம்பு சரியான இடத்தில் இருந்து, உறிஞ்சலும் இல்லாமல், வெளியேற்றும் நீர் கறுப்பாக இருந்தால் இதை ஐயப்படுங்கள். அந்நேரத்தில் அருகில் தீப்பொறியோ சுடரோ இருக்கக் கூடாது. இதற்குப் பம்பை இடம் மாற்றிப் பயனில்லை. அமைப்பைக் கழுவி அரிப்புத் தடுப்பு மருந்து சேர்ப்பதே வழி.

அறிகுறி: நிரப்புத் தொட்டி சூடாகிறது, அல்லது அதற்குள் நீர் கொட்டுகிறது

இது திறந்த அமைப்புகளுக்கே உரிய கோளாறு. பம்பின் இடத்தால் வரும் கோளாறுகளில் கேடு மிகுந்ததும் இதுவே. தொட்டியிலிருந்து ஆவி எழுந்தாலோ, தொட்டியின் பக்கச்சுவர் தொட முடியாதபடி சூடாக இருந்தாலோ, பாய்லரை உடனே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தொட்டி கொதிநீரைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. இளகி உடைந்தால் கீழே இருப்பவர்கள் மேல் கொதிநீர் விழும்.

திறந்த அமைப்பில் தொட்டியோடு தொடர்புடைய குழாய்கள் இரண்டு. ஒன்று, தொட்டியின் அடியிலிருந்து நீரைக் கீழே கொண்டுவரும் நிரப்புக் குழாய். விரிவு இணைப்பு என்பது இதன் சந்திப்புதான். மற்றொன்று, பாய்லரிலிருந்து ஏறித் தொட்டிக்கு மேலே வளைந்து திறந்த வாயுடன் முடியும் காற்றுக் குழாய். பாய்லர் கட்டுமீறிச் சூடானால் ஆவியும் நீரும் தப்பிச் செல்ல அமைந்த பாதுகாப்பு வழி. பாய்லரிலிருந்து வரும் போக்குக் குழாயில் முதலில் காற்றுக் குழாய், அதை ஒட்டி நிரப்புக் குழாய், அதற்கு அடுத்துப் பம்பு என்பதே பாதுகாப்பான வரிசை. முதலிரண்டு சந்திப்புகளுக்கும் இடையே 150 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. காற்றுக் குழாய் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேல் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயர வேண்டும். இரண்டு சந்திப்புகளும் அருகருகே இருக்கும்போது அவற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், பம்பு ஓடினாலும் காற்றுக் குழாயில் நீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

பம்பு திரும்பு குழாயில் இருந்து, நிரப்புக் குழாய் அதன் உறிஞ்சும் பக்கத்திலும் காற்றுக் குழாய் பாய்லருக்கு அப்பால் போக்குப் பக்கத்திலும் இருந்தால், பம்பின் அழுத்தத்திலிருந்து பாய்லரின் தடையைக் கழித்த மீதி முழுவதும் காற்றுக் குழாயின் அடியில் நிற்கும். அந்த மீதி 450 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீர் ஏறித் தொட்டிக்குள் கொட்டும், அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜனைக் கரைத்துக்கொண்டு நிரப்புக் குழாய் வழியே மறுபடி இறங்கும். நாள் முழுவதும் இப்படிச் சுற்றினால் ரேடியேட்டர்கள் உள்ளிருந்து அரித்துப் போகும். அந்தக் கறுப்புச் சேறு முதலில் அடைப்பது, பெரும்பாலும் நிரப்புக் குழாயின் சந்திப்பையே. பம்பின் வேகத்தைக் குறைத்ததும் கொட்டுவது நின்றால் காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

எதிர்ப்பக்கமான தவறு கண்ணுக்குத் தெரியாது. நிரப்புக் குழாய் திரும்பு பக்கத்திலும் காற்றுக் குழாய் போக்குப் பக்கத்திலும் இருக்க, பம்பு காற்றுக் குழாய்க்கு அடுத்து இருந்தால், பாய்லர் தரும் தடையின் அளவுக்குக் காற்றுக் குழாயில் நீர்மட்டம் இறங்குகிறது. பாய்லர் சுத்தமாக இருக்கும்வரை இது சிறிதளவே. உள்ளே கசடு படிந்து தடை கூடியதும் காற்று அதன் வழியே கீழே இழுக்கப்படும். ஒரு குவளை நீரை எடுத்துக் காற்றுக் குழாயின் திறந்த வாய் அதில் மூழ்கும்படி பிடித்து, இன்னொருவரைப் பம்பை ஓடவிடச் சொல்லுங்கள். குவளையின் நீர் உள்ளே இழுக்கப்பட்டால் ஐயத்திற்கு இடமில்லை. நீர் ஆறியிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

முன்பு ஒழுங்காக ஓடிய அமைப்பில் இந்த அறிகுறிகள் புதிதாகத் தோன்றியிருந்தால், பம்பை இடம் மாற்றுவதற்கு முன் நிரப்புக் குழாயின் அடைப்பைப் பாருங்கள். செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது. சந்திப்பின் மேல் ஒரு சிறு காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறது என்றால், உள்ளே இரும்பு ஆக்சைடு கட்டியிருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக இடுவதோடு வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: அழுத்தமானி அடிக்கடி இறங்குகிறது, அல்லது பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது

மூடிய அமைப்பில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் நீர் உயரம்) வைப்பதும், 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு பொருத்துவதும் வழக்கம். வீட்டுப் பம்பு தருவது அரை பாருக்கு அக்கம்பக்கம். தவறான பக்கத்தில் நிற்கும் பம்பு அரை பாரைக் கழித்தாலும், அடியில் 1.2 பார் இருக்கும்வரை மாடியில் வெற்றிடம் உண்டாவதில்லை. அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்து 0.6 அளவுக்கு வந்ததும் திடீரென்று காற்று நுழையத் தொடங்கும். நீர் சேர்த்து அழுத்தத்தை ஏற்றினால் அது நிற்கும், சில வாரங்களில் மறுபடி வரும். கசிவைத் தேடுவதிலேயே எல்லோரும் பொழுதைக் கழிப்பார்கள். கசிவைத் தேட வேண்டியதுதான், ஆனால் மேலே சொன்ன அழுத்தமானிச் சோதனையை அதற்கு முன் செய்துவிடுவது நல்லது.

பம்பு பாய்லரை நோக்கித் தள்ள, விரிவுக்கலம் பாய்லரைத் தாண்டிச் சுற்றின் மறுகோடியில் இருந்தால், பம்பின் அரை பாரில் பெரும்பகுதி பாய்லரின் பாதுகாப்பு வால்வின் மேல் ஏறும். நீர் சூடாகி 2.6 பாரை எட்டும்போது பம்பும் ஓடினால் வால்வு 3 பாரைத் தாண்டிச் சொட்டும். பம்பு நின்றதும் சொட்டுவது நிற்கும். ஆனால் வால்வு சொட்டுவதற்கு இதைவிட அடிக்கடி நேரும் காரணம், விரிவுக்கலத்தின் காற்று வெளியேறிவிடுவது. கலத்தின் காற்று முனையை ஊசியால் ஒரு கணம் அழுத்துங்கள். காற்றுக்குப் பதிலாக நீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது.

அறிகுறி: பம்பு ஓசை எழுப்புகிறது

ஓசை எப்போது வருகிறது என்பதே முக்கியம். நீர் ஆறியிருக்கும்போது அமைதியாக இருந்து, நன்றாகச் சூடானதும் கூழாங்கற்கள் உருள்வது போன்ற சடசடப்பு கேட்டால், பம்பின் உறிஞ்சு வாயில் அழுத்தம் போதவில்லை; நீர் அங்கே ஆவிக் குமிழிகளாகி, இம்பெல்லரில் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தில்) அழுத்தம் கூடியதும் உடைகிறது. உறிஞ்சு வாயில் இருக்க வேண்டிய குறைந்த அழுத்தத்தைப் பம்பின் கையேடு தரும். வீட்டுப் பம்புகள் பலவற்றுக்கு 75 பாகையில் 0.05 பார் போதும், 95 பாகையில் அரை பார் வேண்டும் என்ற அளவில் அது இருக்கிறது. இருபது பாகை கூடுவதற்குள் தேவை பத்து மடங்காவதைக் கவனியுங்கள். நிரப்புத் தொட்டிக்குச் சற்றே கீழே, மாடியின் அலமாரிக்குள் போக்குக் குழாயில் வைக்கப்பட்ட பம்புகள் இதனால்தான் கடும் குளிரில், பாய்லர் முழு வெப்பத்தில் ஓடும் நாட்களில் மட்டும் கூச்சலிடுகின்றன. பாய்லரின் வெப்பநிலையைக் குறைப்பது உடனடி நிவாரணம். பம்பைக் கீழ்த்தளத்திற்கு இறக்குவது நிலையான வழி, ஏனெனில் இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார் இலவசமாகக் கிடைக்கிறது.

எல்லா வெப்பநிலையிலும் சீரான முரல் ஓசை வந்து, அது பம்பைவிடச் சுவரிலோ தரையிலோ உரக்கக் கேட்டால், கோளாறு பம்பு தொங்கும் முறையில் இருக்கிறது. மெல்லிய தடுப்புச் சுவரில் பிணைக்கப்பட்ட குழாய் அந்தச் சுவர் முழுவதையும் அதிரச் செய்யும். குழாயைத் திண்மையான சுவரில், பம்பின் இரு பக்கமும் ரப்பர் இட்ட பிடிப்புகளால் தாங்குங்கள். பம்பின் எடையும் குழாயின் இழுவையும் ஒன்றின் மேல் ஒன்று விழக் கூடாது. படுக்கையறைச் சுவரை ஒட்டிய இடத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். உறிஞ்சு வாய்க்கு முன் முழங்கை வளைவு ஒட்டியிருந்தாலும் ஓசை வரும். குழாய் விட்டத்தைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீளத்திற்கு நேர்க்குழாய் இருப்பது நல்லது.

ஓசை பம்பில் இல்லாமல் ரேடியேட்டர் வால்வுகளில் சீறலாகக் கேட்டால், பம்பு எங்கே இருந்தாலும் அதன் வேகம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது.

அறிகுறி: பம்புகள் விரைவில் பழுதாகின்றன

வீட்டுப் பம்புகளில் சுழலும் பகுதி சுற்று நீரிலேயே மூழ்கி ஓடுகிறது. அதன் பேரிங்குகளுக்கு எண்ணெய் கிடையாது, மெல்லிய நீர்ப்படலமே மசகு. எனவே மோட்டாரின் அச்சு எப்போதும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். குழாய் செங்குத்தாகவோ கிடையாகவோ போகலாம்; அச்சு மட்டும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ நிற்கக் கூடாது. மேல்நோக்கி நின்றால் காற்று மோட்டாரின் மேல் முனையில் தங்கி அங்குள்ள பேரிங் வறண்டு ஓடும். கீழ்நோக்கி நின்றால் கசடு சுழலிக்குள் இறங்கும். பழைய பம்பின் அச்சு சாய்ந்திருந்தால், புதியது வாங்குமுன் அதைக் கவனியுங்கள்.

மின் இணைப்புப் பெட்டி மோட்டாருக்கு மேலோ பக்கவாட்டிலோ இருக்கலாம், அடியில் இருக்கக் கூடாது. மேலே உள்ள மூட்டில் ஒரு சொட்டு கசிந்தாலும் அது அங்கேதான் வந்து சேரும். பெரும்பாலான பம்புகளில் நான்கு திருகுகளைக் கழற்றி மோட்டார்த் தலையைத் திருப்பி வைக்க முடியும் என்பதால், இதற்காகக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. திருகுகளைத் தொடும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, இரு பக்க வால்வுகளையும் மூடிவிட வேண்டும்.

சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் பம்பை வைத்தால், நீர் நிற்கும் மாதங்களில் கசடு அதனுள் படிந்து, குளிர்காலத் தொடக்கத்தில் அச்சு இறுகிக் கிடக்கும். மிக உயர்ந்த இடத்தில் வைத்தால் காற்று அதனுள் தங்கும். செங்குத்துக் குழாயில் மேல்நோக்கித் தள்ளும்படி வைப்பதே சிறந்தது, ஏனெனில் காற்றுக் குமிழிகளும் தாமாக அதே திசையில் ஏறிப் போய்விடும். கீழ்நோக்கித் தள்ளும் பம்பில் குமிழிகள் நீரோட்டத்தை எதிர்த்து இம்பெல்லரிலேயே மிதந்துகொண்டிருக்கும். பம்பு ஓடுகிறது, கையை வைத்தால் அதிர்கிறது, ஆனால் அதன் இரு பக்கக் குழாய்களிலும் வெப்பநிலை ஒன்றுபோல் உயரவில்லை என்றால், முதலில் இந்தக் காற்றையே தேடுங்கள். அடுத்து, உடலில் பொறித்த அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். எளிய விஷயம், ஆயினும் நேர்வதுண்டு.

காற்றோட்டமில்லாத சிறு அலமாரிக்குள், சுடுநீர்க் கலனை ஒட்டி வைத்த பம்பின் மின்னணுப் பகுதி வெப்பத்தால் கெடும். சுற்றுப்புற வெப்பநிலை 40 பாகையைத் தாண்டலாகாது என்பதே வழக்கமான வரம்பு. வெப்பக்காப்பு உறையைப் பம்பின் அடிக்கூட்டுக்கு மட்டும் இட்டு, மோட்டாரைத் திறந்து விடுங்கள்.

அறிகுறி: சில ரேடியேட்டர்கள் மட்டும் சூடாவதில்லை

தொலைவில் உள்ள ரேடியேட்டர்கள் மந்தமாகவும் அருகில் உள்ளவை கொதித்தும் இருந்தால் பம்பை விட்டுவிடுங்கள். அருகில் உள்ளவற்றின் அடைப்பு வால்வுகளைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சமன்செய்ய வேண்டும். ஒரே சுற்றில் பம்பு எங்கே இருந்தாலும் சுற்றும் நீரின் அளவு ஒன்றுதான்.

இதற்கு விதிவிலக்கு, கிளைகள் பிரியும் இடத்திற்கு அப்பால் பம்பு இருப்பது. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான குழாயில், மோட்டார் வால்வுகளுக்கு முன்பாகப் பம்பு இருக்க வேண்டும். ஒரு கிளைக்குள் போய்விட்டால் மற்றக் கிளைகளில் நீர் தலைகீழாகக்கூட ஓடும். எல்லா வால்வுகளும் மூடிவிடும் வாய்ப்பு இருந்தால், பம்புக்குப் பின்னும் வால்வுகளுக்கு முன்னும் ஒரு மாற்றுவழி வால்வு தேவை.

தரைக்கடிச் சூடேற்றத்தில், பாய்லரின் சூடான நீரோடு ஆறிய நீரைக் கலக்கும் கலப்பு வால்வுக்கும் தளக் குழாய்களுக்கும் இடையே, கலந்த நீர் ஓடும் பக்கத்தில் பம்பு இருக்க வேண்டும். பாய்லருக்கும் கலப்பு வால்வுக்கும் நடுவே வைத்துவிட்டால், வால்வு சூடான வாயை மூட மூடத் தளத்தில் ஓடும் நீரும் குறைந்து, தரை ஓரிடத்தில் சூடாகவும் மற்றோரிடத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும். பம்பை உள்ளேயே கொண்ட பாய்லர்களுக்கு வெளியே இன்னொரு பம்பை நேராகத் தொடர்ச்சியாகச் சேர்க்க வேண்டாம்; இரண்டுக்கும் நடுவே நீரோட்டங்களைப் பிரிக்கும் கலன் இல்லாவிட்டால் ஒன்றின் உறிஞ்சல் மற்றொன்றைக் குலைக்கும்.

அறிகுறி: பம்பு நின்றிருந்தும் ரேடியேட்டர்கள் சூடாகின்றன

சூடான நீர் இலேசாகி மேலே ஏறுவதால் பம்பில்லாமலே மெல்லிய சுழற்சி உண்டாகிறது. சுடுநீர்க் கலனை மட்டும் சூடாக்கும் கோடைக்காலத்தில் மாடி ரேடியேட்டர் வெதுவெதுப்பானால், அந்தக் கிளையில் ஒரு வழி வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. பம்பின் தள்ளும் பக்கத்தில் அதைப் பொருத்தலாம்.

இடம் மாற்றுவது என்று முடிவு செய்தால்

போக்குக் குழாயா திரும்பு குழாயா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பழைய காலத்துப் பம்புகளின் அடைப்புகள் வெப்பத்தைத் தாங்காதவை என்பதால் அவற்றை ஆறிய நீர் வரும் திரும்பு குழாயில் வைத்தார்கள். இன்றைய பம்புகள் பொதுவாக 95 அல்லது 110 பாகை நீரைத் தாங்குவதால் அந்தக் காரணம் போய்விட்டது. திறந்த அமைப்பில் காற்றுக் குழாய், நிரப்புக் குழாய், பம்பு என்ற வரிசையில் போக்குக் குழாயிலேயே வையுங்கள். மூடிய அமைப்பில், குறுகிய நீர்வழிகள் கொண்ட பாய்லராக இருந்தால், திரும்பு குழாயில் விரிவுக்கலமும் அதை ஒட்டிப் பாய்லரை நோக்கித் தள்ளும் பம்புமாக வைப்பது நல்ல அமைப்பு. பாய்லருக்குள் அழுத்தம் கூடி, நீர் ஆங்காங்கே கொதித்துக் கொட்டுவது போன்ற ஒலி எழுவதைத் தடுக்கிறது.

எந்த அமைப்பிலும் மீறக் கூடாதவை சில உண்டு. பாய்லருக்கும் திறந்த காற்றுக் குழாய்க்கும் இடையிலோ, பாய்லருக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் இடையிலோ மூடக்கூடிய எந்த வால்வும் இருக்கலாகாது. பம்பின் இரு பக்க வால்வுகளும் இந்த விதிக்குள் அடங்கும். விறகு அல்லது நிலக்கரியில் எரியும் பாய்லரை மின்சாரம் நின்றாலும் அணைக்க முடியாது. அதன் வெப்பத்தைப் பம்பில்லாமல் கொண்டுசெல்லும் சுழற்சிப் பாதையில் பம்பையும் வால்வையும் வைக்க வேண்டாம்.

புதிய இடத்தில் இரு பக்கமும் அடைப்பு வால்வுகளும், ஸ்பேனரைத் திருப்பும் அளவுக்கு இடைவெளியும், அடியில் மின்சாதனம் எதுவும் இல்லாத வெற்றிடமும் வேண்டும். பழைய இடத்தில் நேர்க்குழாய் இட்டு மூடி, சுற்றை முழுவதும் கழுவிய பிறகே புதிய பம்பை மாட்டுங்கள். குழாய் வெட்டிய துகள்கள் முதலில் சென்று சேர்வது அதன் சுழலிக்குத்தான். நிரப்பும்போது பம்பு நின்றிருக்க வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ரேடியேட்டராகக் காற்றை வெளியேற்றி முடித்தபின் பம்பை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, மாடியில் காற்றுத் திருகை மீண்டும் சிறிது திறந்து பாருங்கள். பம்பு ஓடும்போதே நீர் வெளியே வர வேண்டும். அதன் பிறகு வேகத்தை ஒவ்வொரு படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அதே திருகையும் திறந்த அமைப்பாயின் காற்றுக் குழாயின் வாயையும் பார்த்து, தேவையான வெப்பம் கிடைக்கும் மிகக் குறைந்த படியில் நிறுத்திவிடுங்கள்.